தவிடு கொடுத்த தாய்

பிள்ளையார்பாளையத்தில் பூவம்மாளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் கையைப் பற்றி. தறியில் ஒரு பாவு நெய்து முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய நுனிகளோடு புது நுனிகளை இழை இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த வேலைக்கு வீடு வீடாகப் போகிறவள் அவள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாளென்றால் கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் போனாள், எவன் கருடசேவையன்று தறியை நிறுத்திவிட்டு எங்கே போனான் என்பதெல்லாம் அந்த வாய்க்குத் தெரியும். ஆனால் பொய் மட்டும் வராது. உள்ளதைச் சொல்லி நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாளே தவிர, இல்லாததைச் சொல்லமாட்டாள். அவளுக்கு ஆகாதவர்களே இதை ஒப்புக்கொள்வார்கள்.

இன்னொரு பெருமையும் அவளுக்கு இருந்தது. ஆறு பெற்றாள்; ஆறும் தங்கின. தெருவில் அம்மை வந்தது, பேதி வந்தது, ஒரு வருஷம் மஞ்சள் காமாலை வந்து மூன்று வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. பூவம்மாள் வீட்டு வாசலை மட்டும் எதுவும் மிதிக்கவில்லை. "எப்படிக்கா வளர்க்கிறே?" என்று கேட்டால், "நான் இன்னாத்தக் கண்டேன்? பெத்துப் போட்டேன், அதுங்கபாட்டுக்கு வளர்ந்துக்கினு இருக்குதுங்க" என்பாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருக்கத்தான் செய்தது. யார் வீட்டில் வளைகாப்பு என்றாலும் முதல் வளையல் போட அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள்.

அடுத்த வீட்டு வடிவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கூரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. புருஷன் காசிநாதன் நல்ல நெசவாளி. குடி கிடையாது, வம்பு கிடையாது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இரண்டு கரு மூன்றாம் மாதம்கூடத் தாண்டாமல் கலைந்துபோயின. மூன்றாவது ஒரு பையன் பிறந்தான். தட்டை முகம், மேல்நோக்கிச் சாய்ந்த சின்னக் கண்கள், வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நாக்கு. தூக்கினால் உடம்பில் பிடிப்பே இல்லாமல் கையிலிருந்து வழிவான். அழுதால் உதடு நீலம் பாரிக்கும். ஏழாம் மாதத்தில் ஒரு சளி வந்தது. நான்கே நாள், போய்விட்டான்.

நான்காவது பெண். எழுபத்தொன்றாம் வருஷத்து அடைமழையில் பிறந்தது. மருத்துவச்சிக்குப் பக்கத்தில் பூவம்மாள்தான் இருந்தாள். குழந்தையைத் துடைக்கும்போதே பார்த்துவிட்டாள். அதே முகம், அதே கண். குட்டி உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். குறுக்கே ஒரே ஒரு ரேகை ஓடியது. செத்துப்போனவனுக்கும் அப்படித்தான் இருந்தது. போனதுதான் திரும்பி வந்திருக்கிறது என்று தெரு முடிவு கட்டிவிட்டது. வந்ததைத் தங்கவைக்க வேண்டுமென்றால் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

இது தெரியாதவர்கள் இருக்கலாம். பிள்ளை தங்காத வீட்டில் ஒன்று பிறந்தால், அதை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைப்பார்கள். பெற்றதெல்லாம் தங்கிய ஒருத்தி வந்து, தவிடு கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். அந்த நிமிஷத்திலிருந்து அது அவள் பிள்ளை. பெற்றவளிடம் வளர்க்க மட்டும் கொடுப்பாள். எமன் வந்து தேடினால் அந்த வீட்டில் எடுத்துப் போக ஒன்றும் இல்லை. ஐந்தாம் வயதில் முடியிறக்கிக் காது குத்துகிறவரைக்கும் பெற்றவள் வாயால் "என் பிள்ளை" என்ற சொல் வரக்கூடாது. வந்தால் விற்றது செல்லாமல் போய்விடும்.

வாங்குவதற்குத் தெருவில் வேறு யாரைத் தேடுவார்கள்? பூவம்மாளின் புருஷன் துரைக்கண்ணு அரிசி மில்லில் வேலை செய்தார். ஒரு முறம் தவிடு கொண்டுவந்து கொடுத்தவர், "ஆறு போதாதுன்னு ஏழாவது ஒண்ணு கேக்குதா உனக்கு?" என்று சிரித்தார். மழை விட்டிருந்த ஒரு காலையில் காரியம் நடந்தது. "எடுத்துக்கினு போக்கா, இனிமே இது உன்னுது" என்று வடிவு சொன்னாள். பூவம்மாள் தூக்கி மார்பில் அணைத்துக்கொண்டாள். பிறகு, "எம் புள்ளைய உன்கிட்ட வளர்க்கக் குடுக்கிறேன். நல்லாப் பாத்துக்க" என்று திருப்பிக் கொடுத்தாள். குப்பையில் கிடைத்ததற்குக் குப்பம்மாள் என்றுதான் பெயர். எல்லாருக்கும் குப்பு.

வடிவு வைராக்கியமாக இருந்தாள். "உன் பொண்ணு பால் குடிச்சுதா?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டால், "அக்கா பொண்ணு குடிச்சுது" என்பாள். தன் மார்பில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! பூவம்மாளால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. ஏதாவது அதட்டிப் பேசிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

குப்புவுக்கு எட்டு மாதத்தில் தலை நிற்கவில்லை. ஒரு வயதில் உட்காரவில்லை. பால் குடிக்க ஒரு மணி நேரம் ஆகும். குடிக்கிறபோதே நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, பாதியில் தூங்கிப்போகும். ஆனால் சிரிப்பு இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. யார் குனிந்தாலும் இரண்டு கையாலும் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சிரிக்கும். துரைக்கண்ணு மில்லிலிருந்து வந்ததும் நேரே அடுத்த வீட்டுக்குப் போய்க் கன்னத்தைக் காட்டிவிட்டுத்தான் கால் கழுவுவார். இதைத் தவிட்டுக்கு வாங்கியதில் தனக்குத்தான் லாபம் என்று பூவம்மாள் வேலைக்குப் போகிற வீடுகளிலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பதினான்காம் மாதம் மார்ச்சளி வந்தது. விலா உள்ளே போய் உள்ளே போய் வந்தது. ஊர் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். ஊசி போட்டுச் சளியைக் குறைத்தார். "இருதயத்துல சத்தம் கேக்குது. பட்டணத்துல காட்டுங்க" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மூன்று பேருமாகத்தான் பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் வடிவு வராந்தாத் தூண் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். "நான் உள்ள வரலைக்கா. தாய் யாருன்னு கேப்பாங்க. என் வாய் சும்மா இருக்காது, சொல்லிடும். நீயே கூட்டிக்கினு போ." அதுவும் சரிதானே என்று பூவம்மாள் குப்புவை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தாள். காசிநாதன் பின்னால் வந்தான்.

கண்ணாடி போட்ட டாக்டரம்மா. சின்ன வயதுதான், பேச்சில் ஒரு நிதானம் இருந்தது. குப்பு அவள் கன்னத்தையும் தட்டியது. அவள் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள்.

"தாய் யாரு?"

"நான்தாம்மா."

"இவரு?"

"தகப்பன்."

பேரேட்டில் பூவம்மாள், கணவர் பெயர் காசிநாதன் என்று ஏறியது. பூவம்மாளுக்குக் காது சூடாகிவிட்டது. அவளைவிட இரண்டு வயது சின்னவன். தம்பி முறையில் பேசிப் பழகியவன். அவனோ தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எத்தனை குழந்தைங்க?"

"இதோட ஏழு."

"எதாவது தவறிப்போயிருக்குதா? கரு கலைஞ்சிருக்குதா?"

"ஒண்ணும் கிடையாதும்மா. எல்லாம் கல்லுகுண்டாட்டம் இருக்குதுங்க."

காசிநாதன் தொண்டையைக் கனைத்தான். பூவம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை. ஊரறிய வாங்கிய பிள்ளை. இப்போது போய் இல்லை என்றால், இத்தனை நாள் வடிவு வாயைக் கட்டிக் காப்பாற்றியதெல்லாம் என்னாவது? செத்த பையனைப் பற்றிச் சொன்னால் அவன் போன வழியைக் குப்புவுக்குக் காட்டியதாக ஆகாதா?

இருதயத்தில் ஓட்டை இருப்பதாக டாக்டரம்மா சொன்னாள். குப்புவின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டாள். அடுத்த மாதம் வரச் சொன்னாள். போனார்கள். இந்தத் தடவை அவள் நிறைய நேரம் பேசினாள். உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அணுக்களாம். ஒவ்வொன்றுக்குள்ளும் நூல் மாதிரி நாற்பத்தாறு இருக்குமாம். பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து வருகிறது. குப்புவுக்கு அதில் ஒன்று அதிகப்படியாக வந்து இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அந்த முகம், அந்தக் கை, அந்த இருதயம்.

"ஒட்டினதைப் பிரிச்சு விட முடியாதாம்மா?" என்று பூவம்மாள் கேட்டாள். அவள் தொழில் அவளைக் கேட்க வைத்தது.

"முடியாதும்மா. உடம்புல இருக்கிற ஒவ்வொரு அணுவுலயும் அப்படித்தான் இருக்குது. இது எங்கேருந்து வந்ததுன்னு பார்க்கணும். உங்க ரெண்டு பேர் ரத்தமும் வேணும்."

பூவம்மாள் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு நீட்டினாள். என்னத்துக்கு என்று அவள் யோசிக்கவில்லை. பிள்ளைக்காகக் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். ஆறு பிள்ளையைத் தங்கவைத்த ரத்தம், பார்க்கட்டுமே என்று ஒரு நினைப்பும் இருந்தது, அதை மறைப்பானேன். வெளியே வந்து, முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சை வடிவிடம் காட்டினாள். வடிவு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். "ரத்தம் கூடக் குடுக்கிறியேக்கா."

மூன்றாம் தடவை போனபோது டாக்டரம்மா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இரண்டு பேர் ரத்தமும் சரியாக இருக்கிறது, நாற்பத்தாறும் ஒழுங்காக இருக்கிறது என்றாள். "இது இந்தக் குழந்தைக்கு மட்டும் தற்செயலா நடந்தது. உங்க வம்சத்துல இல்லை. அடுத்தது பொறந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. ஆனா ஏழு போதும்மா உங்களுக்கு" என்று சிரித்தாள்.

"குப்புவுக்கு மருந்து?"

இல்லை என்றாள். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஊசி போட வேண்டும். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இருதயத்தைத் திறந்து தைக்க இங்கே வசதி இல்லை. எத்தனை நாள் இருக்கும் என்று காசிநாதன் கேட்டான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அந்தச் சமயத்தில் வடிவு இன்னொரு முடிவில் இருந்தாள். குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸ் அன்னம்மாள் தெருவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். வடிவு அவளிடம் பெயர் கொடுத்திருந்தாள். "இனிமே என் வயித்துல ஒண்ணும் வேணாம்க்கா. இதை மட்டும் வச்சுக் காப்பாத்திக்கிறேன்" என்றாள். காசிநாதனுக்கு மனமில்லை, ஆனாலும் கையெழுத்துப் போடச் சம்மதித்திருந்தான். புருஷன் கையெழுத்து இல்லாமல் அந்த ஆபரேஷன் கிடையாது.

அதைத் தடுத்தவள் பூவம்மாள்தான். வேறு யாரையும் சொல்ல முடியாது. "உனக்கு இன்னா பைத்தியமா? படிச்ச டாக்டரம்மா எம்மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க, அடுத்தது பயமில்லைன்னு. இருபத்தாறு வயசுல எவளாவது போய் அறுத்துக்குவாளா? நாளைக்குக் குப்புவை யாரு பாத்துக்குவாங்க? கூட ஒண்ணு வேணாமா?" ஒரு நாள் சொன்னாள், இரண்டு நாள் சொன்னாள், விடாமல் சொன்னாள். வடிவு அன்னம்மாளிடம் போய்ப் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு வந்தாள். காசிநாதன் அன்றைக்கு மாலையில் மல்லிகைப்பூ வாங்கி வந்ததைத் தெருவே பார்த்தது.

அடுத்த வருஷம் வடிவு முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதம் தாண்டியது. நான்கு தாண்டியது. கலையவில்லை. தெரு முழுக்க ஒரே சந்தோஷம். பூவம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. புளிக்குழம்பும் வேப்பம்பூ ரசமும் மாறி மாறிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஐந்தாம் மாத வளைகாப்பில் முதல் வளையல் அவள்தான் போட்டாள். குப்புவும் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கற்றிருந்தது. "ம்மா" என்று ஒரு சொல் வந்தது. பூவம்மாளைப் பார்த்துத்தான் சொன்னது.

ஏழாம் மாதத்தில் குப்புவுக்கு மறுபடி மார்ச்சளி. பட்டணத்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கை. பேரேட்டில் தாய் என்று பூவம்மாள் இருந்ததால் வார்டில் அவள்தான் இருந்தாள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று, காசிநாதனுக்குத் தறியில் முகூர்த்தப் புடவை வேலை இருந்ததால், வடிவு மட்டும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே டாக்டரம்மா சீட்டு எழுதிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்.

"இவ்வளவு கஷ்டத்துலயும் உங்களுக்கு ஒரு நல்லது நடந்திருக்குதும்மா. உங்க ரத்தத்துல அந்தக் கோளாறு இல்லை. இவளுக்கு இருக்கிற இந்த வகை பெத்தவளுக்கும் ஒளிஞ்சு இருந்துச்சுன்னா ரொம்பக் கொடுமை. அவளுக்கு வெளியில ஒண்ணும் தெரியாது. ஆனா உயிரோட பொறக்கிறது எல்லாமே இப்படித்தான் பொறக்கும். மிச்சம் ரெண்டாம் மாசம் மூணாம் மாசம் கலைஞ்சுபோயிடும்."

பூவம்மாளின் கண்முன்னால் வடிவுக்குக் கலைந்த இரண்டும், போன பையனும், குப்புவும் வரிசையாக வந்து நின்றார்கள்.

"அம்மா... அந்த ரத்தம்... பெத்தவளுதுதான் பாக்கணுமா?"

"வேற யாருது பாப்பாங்க?"

"இது தவிட்டுக்கு வாங்கின புள்ளைம்மா."

டாக்டரம்மாவும் இந்த நாட்டுக்காரிதான். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மெதுவாக மூடினாள்.

"ஏம்மா அன்னைக்கே சொல்லலை?"

"தாய் யாருன்னுதானேம்மா கேட்டீங்க. நான்தானேம்மா தாய்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பெத்தவங்க எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். பூவம்மாள் போய் வடிவைக் கூட்டி வந்தாள். வாசலில் அந்த வயிற்றைப் பார்த்ததும் டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்தாள். "உடம்புல ரத்தம் போதுமான்னு பார்க்கிறேன்" என்று சொல்லி வடிவு கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். வடிவு ஒன்றும் சந்தேகப்படவில்லை. குப்புவைத் திருப்பிக் கொடுத்தார்களே என்ற சந்தோஷத்தில் இருந்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பூவம்மாள் தனியாகப் போனாள். பிள்ளைத்தாய்ச்சியைப் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போவானேன், குப்புவுக்கு மருந்துதானே, நான் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. வடிவுக்கு நாற்பத்தைந்துதான் இருக்கிறது. இரண்டு ஒன்றாக ஒட்டிக்கிடக்கிறது. அவள் உடம்புக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. பிறக்கிற பிள்ளைக்குத்தான்.

"இப்ப இருக்கிறது?"

"அதுவும் அப்படித்தாம்மா."

"எதாவது பண்ணுங்கம்மா. காலைப் பிடிக்கிறேன்."

"மூணாம் மாசத்துல வந்திருந்தா பேசியிருக்கலாம். அதுக்குச் சட்டம்கூட இப்ப வந்திருக்குது. எட்டாம் மாசம் ஆச்சு. ஒண்ணும் பண்ண முடியாது. ஆஸ்பத்திரியில பிரசவம் பாருங்க. பொறந்ததும் இருதயத்தைக் காட்டுங்க. இதோட நிறுத்திக்கச் சொல்லுங்க."

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. ஜன்னல் பக்கம் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு போனார்கள். பூவம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்து சீட்டுக்காரி யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தாள். என்ன சொல்வது? இன்னும் பிறக்கவில்லை என்றா சொல்வது? நான் ஒருத்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்தப் பெண் பேசாமல் ஆபரேஷன் செய்துகொண்டிருக்குமே, நான் போய்க் கெடுத்தேனே என்று நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஊர் வருகிறவரைக்கும் அடங்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், காசிநாதன் நெசவாளர் சங்கத்துக்குப் போயிருந்த நேரம், அடுத்த வீட்டுக்குப் போனாள். வடிவு குப்புவுக்குச் சோறு குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பூவம்மாள் எதிரே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு உள்ளே நடந்தது, கேட்டது, எடுத்தது, வந்தது, எல்லாம். "என்னை நாலு சாத்து சாத்துடி. துடைப்பத்தை எடுத்துக்கினு அடி. நான் வாங்கிக்கிறேன்."

வடிவு குழைத்த சோற்றோடு கையை அப்படியே வைத்திருந்தாள். குப்பு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

"அப்ப கலைஞ்சது ரெண்டும்?"

குப்புவின் மோவாயில் வழிந்ததைப் பூவம்மாள் முந்தானையால் துடைத்தாள்.

"அவனும்? இதுவும்? எல்லாம் என்கிட்டேருந்துதானாக்கா?"

ஐயோ, இதைப் பூவம்மாள் நினைக்கவே இல்லை! தன் தப்பைச் சொல்லிப் பாரத்தை இறக்கிக்கொள்ள வந்தவள், அத்தனையையும் கொண்டுபோய் அந்தப் பெண் தலையிலே இறக்கிவிட்டாள். "உன்மேல ஒரு தப்பும் இல்லைடி, டாக்டரம்மாவே சொன்னாங்க" என்று என்னென்னவோ சொன்னாள். வடிவு எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குப்பு வாயில் ஒரு கவளத்தை வைத்தாள். அப்புறம் இன்னொன்று வைத்தாள். கிண்ணம் காலியாகிறவரைக்கும் ஊட்டினாள். பூவம்மாள்மேல் ஒரு கோபச் சொல்கூட வரவில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்தபிறகுதான் பேசினாள். "அவருக்குச் சொல்லிடாதக்கா. அவங்க அக்கா வீட்டுல ஏற்கெனவே வேற பொண்ணு பாத்துக்கினு இருக்காங்க. என்கிட்ட கோளாறுன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். குப்புவைத் தூக்கிக்கினு நான் எங்க போவேன்? கூரத்துல எனக்கு யாரு இருக்காங்க?"

"காசிநாதன் அப்படிப்பட்டவன் இல்லைடி."

"இல்லதான். ஆனா சொல்லாத."

பூவம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக் குப்புவின் தலையில் வைத்தாள். "இது தலையில அடிச்சு சத்தியம் பண்ணு." குப்பு மூச்சு இரைக்க இரைக்க அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. அந்தத் தலையில் சத்தியம் பண்ணிவிட்டு வந்தாள்.

ஐப்பசி பிறந்து ஐந்தாம் நாள், ஊர் ஆஸ்பத்திரியில் வடிவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பூவம்மாள் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள். கையை விரித்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. வடிவு பிள்ளையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். அது பால் குடிக்கப் பார்த்து, களைத்து, விட்டுவிட்டது.

காசிநாதன் வந்தான். குழந்தையை வெகுநேரம் பார்த்தான். முகத்தை மேல்துண்டால் துடைத்துக்கொண்டான். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. வடிவின் தலையைத் தடவிக் கொடுத்தான். அப்போதுதான் அன்னம்மாள் நர்ஸ் காகிதத்தோடு கட்டிலருகே வந்தாள். "வடிவு ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு சொல்லியிருக்குது. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

காசிநாதன் பேனாவை வாங்கவில்லை.

"வேணாம்மா. எங்க போறாத காலம், மூணு இப்படி ஆயிடுச்சு. அடுத்தது சரியாப் பொறக்கும். ரத்தம் எல்லாம் எடுத்துப் பார்த்துட்டு, பயமில்லைன்னு பட்டணத்து டாக்டரம்மாவே சொன்னாங்க. இதோ அக்கா இருக்காங்க, கேட்டுப் பாருங்க."

அன்னம்மாள் பூவம்மாளைப் பார்த்தாள். காசிநாதனும் பார்த்தான். கட்டிலில் வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கை பிள்ளையின் முதுகில் இருந்தது.

"சொன்னாங்கதானேக்கா?" என்று காசிநாதன் கேட்டான்.



"சொன்னாங்கப்பா."

அன்னம்மாள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.